981 வராத திங்கட்கிழமை

"கட்டியாச்சு! கம்பி அசையல. நீ விடு புள்ள!"

அப்பாவின் குரல் மூன்று மாடிக்கு மேலிருந்து, வாடிய கொழுந்தைக் கீழே தள்ளும் துவாரங்களின் வழியாக இறங்கி வந்தது. நான் தேயிலைத் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், கொழுந்து அரைக்கும் ரோலர்களுக்கு நடுவே முழந்தாளிட்டிருந்தேன். என் இரண்டு கைகளிலும் பதினான்கு றாத்தல் இரும்புப் படிக்கல். அதன் வளையத்தில் முறுக்கிய உருக்குக் கம்பி நேரே மேலே போய், ஒவ்வொரு மாடியின் துவாரத்தையும் கடந்து, கூரைக்கடியில் ஓடிய உத்தரத்தில் முடிந்தது.

எனக்கு இடப்பக்கம் தங்கை ராஜம். எண்ணுவது அவள் வேலை. வலப்பக்கம், நோர்வூட் கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் காதர் நானா. அவர் உள்ளங்கையில், கைக்குட்டைக்கு மேல், ஒரு ஸ்டாப் வாட்ச்.

"பிஸ்மில்லா சொல்லிட்டேன். விடுங்க மகள்," என்றார்.

விட்டேன்.

படிக்கல் போனது. அவ்வளவு நிதானமான ஊசலை நான் அதுவரை பார்த்ததில்லை. போய், நின்று, யோசித்து, திரும்பி வந்தது. தேயிலையின் பச்சை வாசனையும் இயந்திர எண்ணெயின் வாசனையும் கலந்த அந்தப் பெரிய கூடத்தில் கம்பி லேசாக முனகிய சத்தம் மட்டும்தான். என் இதயம் அடித்துக்கொண்ட வேகத்துக்கும் அந்தக் கல் போய்வந்த வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"ஒண்ணு," என்றாள் ராஜம்.

மூளைக்காரி யார்?

சென்ற வாரப் பகுதியைப் படித்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பௌதிகப் பட்டம் எடுப்பதென்றால், சிறுவயதிலேயே உங்களுக்குக் கணக்கில் அபார மூளை இருந்திருக்க வேண்டுமே?"

இல்லை, அம்மா. எங்கள் வீட்டில் அபார மூளை ராஜத்துக்குத்தான்.

ராஜம் என்னைவிட மூன்று வயது இளையவள். அம்மாவோடு கடைக்குப் போனால், கடைக்காரர் காதில் செருகிய பென்சிலை எடுப்பதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். வட்டவளை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது, கடந்து போகும் சரக்குப் பெட்டிகளின் எண்களை ஒன்றோடொன்று பெருக்கி விளையாடுவாள். காகிதம் கிடையாது, விரல் மடிப்பது கிடையாது. "எப்படிடி?" என்றால், "தெரியுது, சொல்றேன்," என்பாள்.

நான் நேர் எதிர். மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது என்று கேட்டு, ஒரு வாரம் ஆசிரியரைத் துளைத்தேன். "வரும்னா வரும். எழுதிக்க," என்றார் அவர். எழுதிக்கொண்டேன். ஆனால் இரவு படுக்கையில், ஒருவருக்கு நட்டம் குறைந்தால் அது லாபம்தானே என்று எனக்கே தோன்றும்வரை தூக்கம் வரவில்லை. வகுப்பு அதற்குள் இரண்டு பாடம் தாண்டிப் போயிருந்தது.

இப்படித்தான் நான் எப்போதும் பின்னால் ஓடிவந்து கொண்டிருந்தேன். ராஜமோ எஸ்.எஸ்.ஸி. பரீட்சையைச் சுலபமாகத் தாண்டிவிட்டு, "முடிஞ்சிருச்சில்ல? இனி என்னத்துக்குப் படிப்பு?" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கணக்கில் ஆச்சரியமே இல்லை. எனக்கு ஆச்சரியத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

தனியாகப் படித்த பௌதிகம்

ஐம்பதுகளின் பின்பாதி. நான் நோர்வூட்டில் ஒரு சிறிய பாடசாலையில் கணக்கு டீச்சர். அப்பா எங்கள் தோட்டத் தொழிற்சாலையின் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து பெட்டியில் அடைபடும்வரை எல்லாம் அவர் பொறுப்பு.

பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. ஆனால் வீட்டிலிருந்தே படித்து, கொழும்புக்குப் போய் எழுதக்கூடிய லண்டன் பரீட்சை ஒன்று இருந்தது. அதை எழுதி பி.எஸ்ஸி. ஆகிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள் என்பது இப்போது நினைவில்லை. சொன்னவர் எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். கொழும்பு நடைபாதையில் வாங்கிய பழைய பிரதிகள். பாடசாலை விட்டு வந்து, பால் டின் மேல் விளக்கை வைத்துப் படித்தால், ஒரு பக்கத்தைப் புரிந்துகொள்ள மூன்று நாள் போகும். சந்தேகம் கேட்க ஆளில்லை. ஆய்வுகூடம் என்றால் வருட விடுமுறையில் கொழும்பில் சித்தி வீட்டில் தங்கி, ஒரு தனியார் வகுப்பில் சில வாரங்கள். அவ்வளவுதான்.

முதல் தடவை எழுதினேன். கணிதத்தாளில் கவிழ்ந்தேன். கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல்லைப் பற்றி ஒரு கேள்வி. கல் வட்டமாகச் சுற்ற வேண்டுமானால் கயிறு அதை உள்நோக்கி இழுத்தபடியே இருக்க வேண்டும். எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிட வேண்டும். சூத்திரம் தெரியும். ஆனால் ஏன் அப்படி என்பது எனக்குள் இறங்கவில்லை. பாதியில் நின்றுவிட்டேன்.

திரும்பி வந்ததும் அம்மா தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "விடுடி. எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா?"

அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நிலைக்கதவில் ஆடிய கல்

வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு பரிசோதனை ஊசல். ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி ஆடவிட்டு, ஆட்டத்தின் நேரத்தையும் கயிற்றின் நீளத்தையும் அளந்தால், பூமி பொருள்களை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். புத்தகத்தில் அதை 'ஜி' என்று போட்டிருந்தார்கள். அதன் அளவு, சென்டிமீட்டர் கணக்கில், 981 என்றும் போட்டிருந்தார்கள்.

எனக்கு 981 வரவே இல்லை. நிலைக்கதவில் கட்டினேன், 974 வந்தது. கொய்யாமரத்தில் கட்டினேன், 985 வந்தது. இன்னொரு நாள் 979. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுத்தால் வேறென்ன வரும்? ஆனால் அப்போது அப்படி நினைக்கவில்லை. புத்தகம் சொன்னதைக்கூடச் சரியாக வரவழைக்கத் தெரியாத கைக்கு எதற்குப் பட்டம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் ராஜத்திடம் சொன்னேன். "கடைசியா ஒரு தடவ நல்லா செஞ்சி பாக்கப்போறேன். 981 வந்தா திரும்ப எழுதுறேன். வரலேன்னா புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நல்ல முறையில் செய்வதென்றால் ஊசல் நீளமாக இருக்க வேண்டும். முழத்தை அளக்கும்போது ஒரு விரற்கடை பிசகினால் பெரிய தவறு. ஊரையே அளக்கும்போது அதே விரற்கடை ஒன்றுமில்லை. அப்பாவிடம் போய் நின்றேன்.

"எவ்வளவு நீளம் வேணும்?" என்றார்.

"எவ்வளவு கெடைக்கும்?"

அவர் சிரித்தார். "ஃபாக்டரியில கூரைலருந்து தரைக்குக் கம்பி விடலாம். போதுமா?"

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் அரைப்பதற்குக் கொழுந்து இருக்காது. நடுப்பகலில் புதுக் கொழுந்து வரும்வரை தொழிற்சாலை அமைதியாக இருக்கும். பாடசாலை விடுமுறையும் சேர்ந்துவந்தது. தோட்ட மேலாளரான தொரையிடம் கேட்கலாமா என்றேன். "கேட்டா யோசிப்பாரு. யோசிச்சா வேணாம்பாரு," என்றார் அப்பா.

நேரம் எடுக்க நல்ல கடிகாரம் வேண்டுமே? காதர் நானாவிடம் போனேன். அவருடைய கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. எங்கள் தொரையுடையதேதான். கிளப்பில் ஓட்டப்பந்தயம் நடத்த வைத்திருந்தது. சுருள்வில் போய்ப் பழுதுக்கு வந்திருந்தது.

"ஒரு நாளைக்குத் தருவீங்களா நானா?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அடுத்தவங்க நம்பிக் குடுத்த சாமான் அமானிதம் மகள். கையவிட்டுக் குடுக்க மாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனா ரிப்பேர் பண்ணினா ஓட்டிப் பாக்கணும்ல? எங்க வச்சி ஓட்டிப் பாத்தா என்ன? நானே கொண்டாறேன்."

எழுபத்திரண்டாவது ஆட்டம்

இனித் தொழிற்சாலைக்குத் திரும்புவோம்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆறு வினாடிக்குச் சற்றுக் குறைவு. நூறு ஆட்டம் எண்ணுவதாக ஏற்பாடு. ராஜம் கண் சிமிட்டாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். காதர் நானா பித்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடி சிலையாக நின்றார். "அறுபத்தெட்டு" என்று அவள் சொன்னபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது.

தொரை நின்றார்.

காக்கிக் கால்சட்டை, நீளக் காலுறை, கையில் பிரம்பு, பின்னால் அவருடைய நாய். கல் ஆடிக்கொண்டிருக்கிறது. பிடித்து நிறுத்தினால் எல்லாம் போயிற்று. நிறுத்தாவிட்டால் அப்பாவின் வேலைக்கு என்ன ஆகும்?

"அறுபத்தொம்பது," என்றாள் ராஜம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொரை கல்லைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். கம்பியோடே கண்ணை உயர்த்தித் துவாரத்தைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் மேலேயிருந்து அப்பா கத்தினார்:

"என்னா புள்ள சத்தத்தக் காணோம்? தொரை வர்றதுக்குள்ள முடிச்சிருவியா?"

அந்தக் காலத்துத் தொரைமாருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். அவர் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார்: "தொரை வந்தாச்சி, டீமேக்கர்!"

"எழுபத்திரண்டு," என்றாள் ராஜம்.

தொரையின் கண் காதர் நானாவின் உள்ளங்கைக்கு வந்தது. தன் கடிகாரம் அவருக்குத் தெரியாதா? காதர் நானாவின் தாடி நடுங்கியது. ஆனால் கட்டைவிரல் நடுங்கவில்லை.

"டெஸ்டிங், சார்," என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னேன், வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழ: பரீட்சைக்காக, ஊசல், இன்னும் இருபத்தைந்து ஆட்டம், நிறுத்த முடியாது, மன்னிக்க வேண்டும். அவர் பிரம்பை அக்குளில் செருகிக்கொண்டார். நாயை உட்காரச் சொன்னார். தானும் ஒரு ரோலரில் சாய்ந்து நின்றார்.

அடுத்த இரண்டரை நிமிடம் அந்தத் தொழிற்சாலையில் ராஜத்தின் குரல் மட்டும்தான். தொரை, நாய், நான், காதர் நானா எல்லோரும் அந்தக் கல்லோடு இடமும் வலமும் தலையை அசைத்துக்கொண்டிருந்தோம்.

"நூறு!"

டிக். காதர் நானா மூச்சை விட்டார்.

"இதை வைத்து என்ன கண்டுபிடிப்பாய்?" என்று தொரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்தத் தோட்டத்தில் புவியீர்ப்பு எவ்வளவு என்று, சார்."

"போதுமான அளவு இருக்கும் என்று நம்புகிறேன்," என்றார் அவர். பிறகு மேலே பார்த்துத் தமிழில், "பன்னெண்டு மணிக்குக் கொழுந்து வரும், டீமேக்கர். அதுக்கு முந்தி எல்லாம் கழட்டிரணும்," என்று சொல்லிவிட்டு, நாயோடு போய்விட்டார். கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே மாதிரியான தவறு

அப்பா படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். நெற்றியில் வேர்வை. "போயிட்டாரா? சரி, என்னா வந்துச்சி? அதச் சொல்லு."

கம்பியின் நீளத்தை இரும்பு நாடாவால் இருமுறை அளந்திருந்தோம். ராஜம் சிமெந்துத் தரையில் சாக்குக்கட்டியால் இரண்டு வரி மட்டும் எழுதினாள். மிச்சம் அவள் தலைக்குள் நடந்தது.

"தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு."

"எண்பத்தொண்ணு இல்லையா?"

"எழுபத்தெட்டு அக்கா."

மறுபடி ஆடவிட்டோம். பத்து நிமிடம். 978. மூன்றாவது தடவை அப்பாவே நேரம் எடுக்கப்போவதாகச் சொல்லி, காதர் நானா மறுத்து, கடைசியில் இருவரும் ஒரே கடிகாரத்தில் ஆளுக்கொரு விரல் வைத்தார்கள். 978.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஊசல், இவ்வளவு நல்ல கடிகாரம், அப்பாவின் வேலையையே பணயம் வைத்து... சத்தியம் செய்திருக்கிறேனே! கம்பியை அவிழ்க்கச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ராஜம் சாக்குக்கட்டியை உருட்டியபடி சொன்னாள், "கதவுல கட்டினப்ப ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நம்பர் வந்துச்சி. அது தப்பு. சரி. ஆனா மூணு தரமும் ஒரே நம்பர் வந்தா, அது எப்படி அக்கா தப்பாகும்?"

கல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. நான் அதையே பார்த்தேன். மூன்று குறைகிறது. எப்போதும் மூன்று. பூமி எங்கள் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் சோம்பலாக இழுக்கிறதா? புத்தகம் எழுதியவர் எங்கே இருந்தார்? லண்டனில். நாங்கள் எங்கே இருக்கிறோம்?

அப்போதுதான் அது வந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ராஜம்! பம்பரம்!"

"என்னா பம்பரம்?"

"பம்பரத்துல ஆணிக்கிட்ட ஒரு எறும்பு உக்காந்தா சின்ன வட்டம் சுத்தும். வயித்துல உக்காந்தா பெரிய வட்டம் சுத்தும். லண்டன் மேல, ஆணிப் பக்கமா இருக்கு. நாம பூமியோட வயித்துல நிக்கிறோம்டி! நம்மளச் சுத்தவச்சிப் பிடிச்சிக்கிறதுக்கே பூமியோட இழுப்புல ஒரு பங்கு செலவாகுது. மிச்சந்தான் கல்ல இழுக்குது!"

கயிற்றில் சுழலும் கல். பரீட்சையில் என்னைக் கவிழ்த்த அதே கல். கயிறு ஏன் உள்நோக்கி இழுக்க வேண்டும் என்பது அந்த நொடியில் எனக்குள் இறங்கியது. நானே அந்தக் கல்லாக இருந்தேனே!

சாக்குக்கட்டியைப் பிடுங்கித் தரையில் எழுத ஆரம்பித்தேன். பூமியின் ஆரம், ஒரு நாளில் ஒரு சுற்று. நான் எழுத எழுத ராஜம் பெருக்கிக்கொண்டே வந்தாள். நமக்குக் கழிவது மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. லண்டனுக்குக் கழிவது ஒன்றே கால். வித்தியாசம் இரண்டு.

"மூணுல ரெண்டு வந்துருச்சி!" என்று கத்தினேன். என் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"மிச்சம் ஒண்ணு?" என்றார் அப்பா.

"தெரியல. கண்டுபிடிப்பேன்!"

காதர் நானா தாடியைத் தடவியபடி யோசனையில் இருந்தார். "அப்ப மகள், இங்க நிறுத்த தேயிலை லண்டன் போனா எடை கூடுமா?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடுமா? எங்க ஃபாக்டரி தேயிலையா?"

"படிக்கல் வச்சித் தட்டுத் தராசுல நிறுத்தா கூடாதுங்கப்பா. படிக்கல்லும் சேந்து கூடிரும். வில் தராசுல நிறுத்தாதான் கூடும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லவேளை," என்றார் அப்பா.

ராஜம் கையைத் தட்டித் தூசியை உதறினாள். "சத்தியம் பண்ணியிருக்க. 981 வரல. புத்தகத்த மூட்டை கட்டுறியா?"

"போடி!"

அவள் சிரித்தாள். "எனக்கு மூளை இருக்கு அக்கா. ஆனா மூணு குறையுதேன்னு நான் ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டு இருக்க மாட்டேன். நீ இருப்ப. நீதான் எழுதணும்."

கொழும்பில் ஒரு சிரிப்பு

அடுத்த விடுமுறையில், கொழும்பு வகுப்பின் ஆசிரியரிடம் மூச்சு வாங்க என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "ஓ, இந்த நாட்டில் 978தான். எல்லோருக்கும் தெரிந்ததுதானே?" என்று சிரித்தார். பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதும், நாங்கள் மலைமேல் இருப்பதும் சேர்ந்து மிச்சம் ஒன்றுக்குக் காரணம் என்று விளக்கினார்.

எல்லோருக்கும் தெரிந்ததுதான்! என்னிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதில் துளி வருத்தம் வரவில்லை. காலிமுகக் கடற்கரையில் சித்தியின் பிள்ளைகளோடு நடந்தபோது, அலைகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள்.

மறுபடி எழுதினேன். கணிதத்தில் தேறினேன். அதோடு கதை முடிந்ததென்று நினைக்காதீர்கள். அடுத்த கட்டத்தில் மின்னியலில் சறுக்கினேன். செய்முறைப் பரீட்சையில் ஒரு கண்ணாடி வில்லையைக் கீழே போட்டேன். ஊசலைப் பற்றி ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. பட்டம் கைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. ராஜம் அதற்குள் கல்யாணமாகி வட்டவளைக்குப் போய், புகுந்த வீட்டுக் கடையின் கணக்கையெல்லாம் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கணவரை அதிரவைத்துக் கொண்டிருந்தாள்.

சலிக்கும் அறை

முடிவு வந்தபோது அறுபதுகள் பிறந்து சில காலம் ஆகியிருந்தது. மழைநாள். குடைகூட எடுக்காமல் தொழிற்சாலைக்கு ஓடினேன்.

அப்பா சலிக்கும் அறையில் இருந்தார். இயந்திரங்கள் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தன. காதோடு வாய் வைத்தாலும் கேட்காத இரைச்சல்.

"அப்பா! பாஸ்!"

"என்னா?"

"பாஸாயிட்டேன்!"

"பஸ்ஸா? எந்த பஸ்ஸு?"

பக்கத்தில் ஒரு நீள மேசை. அதன்மேல் மெல்லிய படலமாகத் தேயிலைத்தூள் படிந்திருந்தது. ஈரமான விரலால் அதில் பெரிதாக எழுதினேன்: பி.எஸ்ஸி.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து படித்தார். இன்னொரு தடவை படித்தார். நிமிர்ந்தபோது அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று அந்த இரைச்சலில் கேட்கவில்லை. பிறகு சலிக்கும் பெண்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி அழைத்தார். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். தெரியாதவர்களின் காதருகே குனிந்து, அந்த மூன்றெழுத்தையும் தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தி தூள் படிந்த இரண்டு கைகளாலும் என் கன்னங்களை வழித்து நெட்டி முறித்தாள்.

அன்று வேலை முடியும்வரை அந்த மேசையில் யாரும் எதையும் கொட்டவில்லை. பக்கத்து மேசையில் இரட்டிப்பாகக் குவித்துச் சலித்தார்கள்.